அழகின் விலையும் பறவையின் உரிமையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர்களுள் முரசுமோட்டையும் ஒன்று. காலபோக விதைப்பு முடிந்த வயலிலே மயில் இறங்கினால் அதன் தோகையை வியந்து நிற்க அங்கு எவருக்கும் நேரமில்லை. விதைநெல் போகிறதே என்று கூவி விரட்டுவார்கள். அதே வேளையில், மயிலுக்கு நெருங்கிய உறவான வேறொரு பறவையை, சீனத்து மலைக்காடுகளுக்கு உரிய ‘கோல்டன் பெசன்ற்’ எனப்படும் வண்ணக்கோழியை, கம்பிவலைக் கூட்டில் வளர்த்துச் சோடிக்கணக்கில் விலை பேசுவோர் இலங்கையிலும் தமிழகத்திலும் இருக்கின்றனர். வீட்டு முற்றத்துக்கு அழகு சேரும் என்று வசதி படைத்தோர் அவற்றை வாங்குகின்றனர்.

இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகள். ஒன்றின் அழகு எல்லோருடைய கண்ணுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதனாலேயே அதற்கு விலை இல்லை. மற்றதன் அழகு வேலிக்குள் இருக்கிறது. அதனாலேயே அதற்கு விலை உண்டு. இம்முரண்பாடு எங்கே பிறந்தது? உயிருள்ள ஒன்றின் அழகை விற்கவும் வாங்கவும் மனிதனுக்கு உரிமை உண்டா? பறவை வளர்ப்போரின் சில்லறைப் பிரச்சினை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. பண்டம் எது, பண்டமாகக் கூடாதது எது என்ற பெரிய வினாவின் ஒரு கிளையே இது.

முதலில் இவ்வழகு யாருக்காகத் தோன்றியது என்று பார்ப்போம். டார்வின் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மனிதனின் தோற்றம்’ என்ற நூலில், மலாயாக் காடுகளில் வாழும் ஆர்கஸ் பெசன்ற் என்ற பறவையின் சிறகிலுள்ள கண்வடிவங்களை விரிவாக ஆராய்ந்தார். பெட்டைகள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குப் பிடித்த சேவல்களைத் தெரிந்தெடுத்ததன் விளைவே அந்த அழகு என்பது அவருடைய முடிவு. பெட்டைப் பறவைக்கு அத்துணை நுண்ணிய இரசனை இருக்கக்கூடும் என்பதை வாலஸ் போன்ற அக்கால அறிஞர்களே ஏற்க மறுத்தனர். இன்றோ, பெட்டையின் தெரிவு சேவலின் தோற்றத்தை உருவாக்குகிறது என்ற அடிப்படைக் கருத்து உயிரியலில் நிலைபெற்றுவிட்டது.

எனவே, பொன்னிறக் கொண்டையும் செந்நிற மார்பும் நமக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. அவை சேவல் பெட்டைக்கு விடுக்கும் செய்தி. மனிதன் அதனை ஒட்டுக்கேட்பவன் மாத்திரமே. ஒட்டுக்கேட்டு மகிழ்வதில் தவறில்லை. ஆனால், கூட்டுக்குள் நடப்பது என்ன? ஒரு சேவலுடன் இன்ன பெட்டை சேரவேண்டும் என்று உடைமையாளன் தீர்மானிக்கிறான். எந்தத் தெரிவு அவ்வழகைப் பிறப்பித்ததோ, அந்தத் தெரிவே பெட்டையிடமிருந்து பறிக்கப்படுகிறது. மங்கிய கபில நிறமுடைய பெட்டை, சந்தையில் சேவலின் துணைச்சரக்காகவே கணக்கிடப்படுகிறது. சோடி சேர்ப்பதும் விலை பேசுவதும் பெரியோர் வேலை என்றும், பெண்ணுக்கு அங்கே சொல் இல்லை என்றும் பழகிப்போன சமுதாயத்துக்கு இது விநோதமாகத் தோன்றாதது வியப்பன்று.

இந்த வாணிபத்தின் வரலாறும் நமக்குப் பாடம் புகட்டும். ‘பெசன்ற்’ என்ற சொல்லே இன்றைய ஜோர்ஜியாவில் ஓடும் ஆற்றின் பழம்பெயராகிய ‘பாசிஸ்’ என்பதிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் அது நிலப்பிரபுக்களின் வேட்டைப் பறவையாயிற்று. இங்கிலாந்தில் 1828ஆம் ஆண்டின் இரவு வேட்டைச் சட்டம், பிரபுவின் நிலத்தில் இரவிலே பறவையோ முயலோ பிடித்து மூன்றாம் முறை அகப்பட்ட ஏழையை ஏழாண்டுகள் கடல்கடத்த இடமளித்தது. பசித்த கூலியாளின் வாழ்வைவிடப் பிரபுவின் பறவை விலைகூடியதாயிருந்தது! அதே 1828இல், இந்தியாவின் ஆளுநர் நாயகமாக இருந்த அம்ஹர்ஸ்ற் பிரபுவின் மனைவி அனுப்பிய பறவை ஒன்று இலண்டனை அடைந்தது. பர்மாவின் எல்லையிலும் யுன்னான் மலைகளிலும் வாழும் அப்பறவை அன்று தொட்டு ‘லேடி அம்ஹர்ஸ்ற்’ என்ற பெயரையே சுமக்கிறது. அம்மலைகளில் தலைமுறைகளாக அதனோடு வாழ்ந்த மக்கள் அதற்கு வைத்திருந்த பெயரை எந்த வியாபாரியும் உச்சரிப்பதில்லை.

இனி, வளர்ப்பின் உள்நடைமுறையை நோக்குவோம். இயற்கையில் ஒரு பெட்டை ஒரு பருவத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முட்டை வரை இட்டு அடைகாக்கும். முட்டையை அன்றன்று எடுத்துவிட்டால் அது மேலும் மேலும் இடும். எடுத்த முட்டைகள் பொறிப்பானிலோ, ஊர்க்கோழியின் அடையிலோ வைக்கப்படுகின்றன. இருபத்திரண்டு, இருபத்துமூன்று நாள் அடைகிடந்து குஞ்சு பொரிக்கும் ஊர்க்கோழிக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. விலை பெறுவது பொன்னிறம், உழைத்தது அடைக்கோழி. குஞ்சுகள் பறந்து தப்பாதிருக்கச் சிலர் இறக்கை நுனியையே வெட்டிவிடுகின்றனர். சேவலுக்கு முழு நிறம் ஏற இரண்டாம் ஆண்டு ஆகும். வாங்குவோரோ அதற்குமுன்பே குஞ்சுகளைச் சோடியென்று நம்பி வாங்குகின்றனர். ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளைச் சோடியாக்கி விற்றால், சில தலைமுறைகளில் வலுவற்ற சந்ததிதான் மிஞ்சும். கோல்டனையும் அம்ஹர்ஸ்றையும் கலந்து பிறந்தவற்றைத் தூய இனமென்று விற்பதும் இத்தொழிலில் நெடுநாளாகத் தீராத குறை.

இவ்வளவையும் கேட்டபின், மறுதரப்பினர் மூன்று நியாயங்களை முன்வைப்பர். அவற்றை நேர்மையோடு எதிர்கொள்வது நம் கடமை.

முதலாவது நியாயம்: “கோழியை அறுத்து உண்கிறீர்கள், கூட்டில் தீனி போட்டு வளர்ப்பதையா குறை சொல்கிறீர்கள்?” இக்கேள்வியில் உண்மை உண்டு. உயிர்வதை என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இறைச்சிக்கோழிப் பண்ணையே பெரிய குற்றவாளி. அலங்காரப் பறவை வளர்ப்போன் சிறிய குற்றவாளி. எனவே, புலாலுண்போர் தம் கை தூய்மையானது என்று கூற வழியில்லை. ஆயினும், ஒரு தீங்கை நியாயப்படுத்த எத்தகைய தேவை முன்வைக்கப்படுகிறது என்பதையும் அறவியல் கேட்கிறது. பசி ஒரு தேவை. அயலானிடம் இல்லாதது தன்னிடம் உண்டு என்று காட்டும் ஆசையும் ஒரு தேவைதானா? பெரிய தீங்கொன்று உலகில் நடக்கிறது என்பது சிறிய தீங்குக்கு அனுமதிச்சீட்டு ஆகாது.

இரண்டாவது நியாயம் வலுவானது: “நாங்கள் வளர்ப்பதால்தான் இவ்வினங்கள் அழியாதிருக்கின்றன.” இதற்கு மெய்யான சான்று ஒன்று உண்டு. மத்திய வியட்நாமுக்கு மாத்திரம் உரிய எட்வர்ட்ஸ் பெசன்ற் என்ற கருநீலப் பறவை 1896இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. 1920களில் டெலக்கூர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். பின்னர் வந்த யுத்தத்தில் அமெரிக்கக் குண்டுகளும் இலையுதிர்க்கும் நஞ்சும் குவாங் திரி மாகாணத்துக் காடுகளைச் சிதைத்தன. எஞ்சியவற்றைக் காடழிப்பும் கண்ணிகளும் குறைத்தன. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அப்பறவை காட்டில் உறுதியாகக் காணப்படவில்லை. இன்று அது உயிரோடிருப்பது மிருகக்காட்சிச்சாலைகளிலும் தனியார் வளர்ப்பாளரின் கூடுகளிலுமே. அவர்கள் வளர்த்திராவிட்டால் அவ்வினம் முற்றாக மறைந்திருக்கும். இதனை நாம் மறுக்கவில்லை, மறுப்பது நேர்மையுமன்று.

ஆனால், எஞ்சியது எது என்று கேட்போம். கூட்டிலுள்ளவை மிகச் சில பறவைகளின் வழிவந்தவை. அவற்றுள் சிலவற்றில் வேறினக் கலப்பும் நேர்ந்துள்ளது. அவை திரும்பிப் போகவேண்டிய காடு காவலின்றிக் கிடந்தால், பறவை மீண்டும் கண்ணியில்தான் விழும். பறவை பிழைத்தது, அதன் ஊர் பிழைக்கவில்லை. அன்றியும், இந்நியாயத்தைக் கோல்டன் பெசன்றை விற்பவர் கூறுவது பொருந்தாது. காட்டுக்கு ஒருபோதும் திரும்பாத, நிறத்துக்காகவே பெருக்கப்பட்ட பறவை எந்த இனத்தைக் காக்கிறது?

தீனியும் கூரையும் காவலும் கொடுத்துவிட்டோம், வேறென்ன வேண்டும் என்ற வாதத்தின் பொருளை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுத் தை மாதத்தில் இவ்வீதியாலேயே கிழக்கு நோக்கி ஊரூராக இடம்பெயர்ந்தவர்களுள் முரசுமோட்டை மக்களும் அடங்குவர். அவ்வாறு சென்று உயிர் தப்பியோரிற் பெருந்தொகையினர், பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். அங்கு உணவு பங்கிடப்பட்டது. தறப்பாள் கூரை இருந்தது. பாதுகாப்புக்காகவே வைத்திருக்கிறோம் என்று சொல்லப்பட்டது. அம்முகாம் 2012இல்தான் முற்றாக மூடப்பட்டது. மனிதரின் துயரையும் பறவையின் நிலையையும் ஒரே தட்டில் நிறுப்பது நம் நோக்கமன்று. பராமரிப்பு என்ற சொல் அடைப்பை நியாயப்படுத்தப் பயன்படும்போது அதனை ஐயத்தோடு நோக்கும் அறிவை இம்மண் தன் அனுபவத்தால் பெற்றிருக்கிறது என்பதையே கூறுகிறோம். அந்த அறிவைப் பிற உயிர்களுக்கும் விரிப்பதுதான் மனிதநேயத்தின் வளர்ச்சி.

மூன்றாவது நியாயம் வயிற்றைப் பற்றியது. காணியில்லாத குடும்பமொன்று, கணவனை இழந்த பெண்ணொருத்தி, கொல்லையில் நாலு கூடு வைத்து வண்ணக்கோழி வளர்த்துப் பிள்ளையின் பள்ளிச் செலவை ஈடுசெய்தால், அவள்மீது நாம் கல்லெறிவதா? ஒருக்காலும் இல்லை. நெல்லுக்கு நியாய விலை கிடையாத நாட்டில், அலங்காரத்துக்கு விலை கிடைக்குமென்றால் மக்கள் அலங்காரத்தையே வளர்ப்பர். குற்றம் வளர்ப்பவளிடம் இல்லை. உணவைவிட ஆடம்பரத்துக்கு அதிகம் கொடுக்கும் அமைப்பில் இருக்கிறது. ஆகவே, நம் கண்டனம் வாங்குவோன் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். பிறந்த இடமும் தாய் தந்தையும் தெரியாத பறவையை வாங்காதிருத்தல், இறக்கை வெட்டியதை ஏற்காதிருத்தல், நடந்து திரிய இடமில்லாதவன் வளர்க்க ஆசைப்படாதிருத்தல், அலுத்துப்போனதும் அந்நியப் பறவையைக் காட்டில் விட்டுவிடாதிருத்தல் ஆகியவை மிகக் குறைந்த ஒழுக்கங்கள். நம் காட்டுக்கோழி இந்நாட்டின் தேசியப் பறவை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதனைக் கண்ணிவைத்துப் பிடித்து வளர்ப்புப் பறவையென்று விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இப்பொழுது வயலுக்குத் திரும்புவோம். மயிலைக் காக்கவேண்டும் என்று நகரத்திலிருந்து கூறுவது எளிது. அது முருகனின் வாகனம் என்று கைகூப்புவதும் எளிது. விதைநெல்லையும் கச்சானையும் இழப்பவன் விவசாயி. 2025 மார்ச் 15ஆந் திகதி அரசு நாடெங்கும் ஐந்தே நிமிடத்தில் எடுத்த கணக்கெடுப்பில், பயிரை அழிக்கும் விலங்குகளின் வரிசையில் மயிலும் இடம்பெற்றது. எண்ணுவது சரி, எண்ணியபின் என்ன? பொதுமக்கள் யாவரும் மகிழும் அழகுக்கு ஒரு வகுப்பார் மாத்திரம் செலவு செய்வது அநீதி. பயிர்ச்சேதத்துக்கு நட்டஈடும், விதைப்புக்காலக் காவலுக்கு உதவியும் பொதுப்பணத்திலிருந்து வரவேண்டும். அதனைச் செய்யாமல் விவசாயியைப் பார்த்து இரக்கமற்றவன் என்பது, பிறன் செலவில் தான் புண்ணியம் தேடுவதாகும்.

இரு பறவைகளிடமும் நாம் காண்பது ஒரே நோய். அழகைத் தனியுடைமையாக்கும் சமுதாயம் கூட்டிலுள்ள பறவையை அடிமையாக்குகிறது; வயலிலுள்ள பறவையைப் பகையாக்குகிறது. மருந்தும் ஒன்றே. அழகைப் பொதுவாக்க வேண்டும். அதன் செலவையும் பொதுவாக்க வேண்டும். குளக்கட்டில் நின்று ஒரு வகுப்பு மாணவர் பார்க்கும் மயில் எவனுக்கும் சொந்தமன்று. ஆகையால் எல்லோருக்கும் உரியது. அதைப் பார்க்கும் பிள்ளைக்கு, அந்த வயலுக்குரியவனின் நட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் பணி. அழகை இரசிக்கத் தெரிந்தும் அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்கத் தெரியாத கல்வி அரைக்கல்வியே.