சிறுவனின் பங்கு

கரைவலை இழுக்கும் பருவத்தில், உடப்பிலிருந்து கல்பிட்டிக் குடாநாடு வரையுள்ள கரைகளில், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையொருவன் பெரியவர்களோடு கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடப்பதையும், வலையின் மடி கரையேறியபின் வலைச் சொந்தக்காரனான சம்மாட்டி கொடுக்கும் அரைப்பங்குக் காசோடும் ஒரு பையில் நாலைந்து சாளையோடும் வீடு திரும்புவதையும் காணலாம். அவ்வீட்டில் தகப்பன் தூள், ஐஸ் போன்ற போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டுத் தொழிலை விட்டவனாயிருந்தால், பிள்ளைக்கு வேலை கொடுத்த சம்மாட்டி செய்தது தர்மமா, அநியாயமா?

சம்மாட்டியின் சமாதானத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தான் கொடுக்காவிட்டால் இன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்கிறான் அவன். பெரும்பாலும் அது உண்மை. இலங்கைச் சட்டம் 2016இல் கட்டாயக் கல்வியின் வயதை 16 ஆக்கி, 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயதையும் 14இலிருந்து 16ஆக உயர்த்தியது நியாயமே. ஆயினும், சட்டத்துக்கு அஞ்சிப் பிள்ளையைக் கரையிலிருந்து விரட்டிவிட்டு, அவன் வீட்டுப் பட்டினிக்கு ஒருவரும் பொறுப்பேற்காவிட்டால், அவன் எவர் பார்வையும் படாத வேறொரு வேலைக்கோ, அதைவிடக் கொடிதாக, கடல்வழியே கஞ்சா வந்திறங்கும் இக்கரையில் பொட்டலம் சுமக்க ஆள் தேடுவோரிடமோ போய்ச் சேருவான்.

எனினும், பசித்தவனுக்குக் கொடுக்கும் கருணை, அவன் முதுகை விலையாகக் கேட்கும்போது கருணையாக நிலைப்பதில்லை. பிடிபாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒதுக்குவது இக்கரையோருக்குப் பழக்கமான காரியம். அந்த மனம், இத்தகைய வீட்டுத் தாயின் கையிலோ பாட்டியின் கையிலோ மீனும் அரிசியும் சேர்ப்பிக்கப் போதாதா? பிள்ளையின் கையில் காசாகக் கொடுப்பது இரட்டைத் தீங்கு. வாசலிலே தகப்பன் அதைப் பறித்துக்கொண்டால், அவனுடைய போதைக்குப் பிள்ளையே உழைத்துக் கொடுத்தவனாகிறான்.

இன்னொரு விஷயம் மிகுந்த ஜாக்கிரதைக்குரியது. தகப்பனைப் பற்றி ஆசிரியர் கேட்டால் அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லும் பிள்ளையைப் பொய்யன் என்று எண்ணுவது அநீதி. அவனிடம் மீந்திருக்கும் அன்பு அது. அவனைக் கொண்டே தகப்பனைக் காட்டிக்கொடுக்கச் செய்வது எந்த நியாயத்திலும் அடங்காது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் நடந்த போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைதான பிறகு, சொன்னால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற அச்சம் வீண் அச்சமுமன்று. ஆகவே சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்களே. அடிமைப்பட்டவனுக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க 2007ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால் அறிவிக்கத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. அடி உதை உள்ள வீட்டிலிருந்து பிள்ளையை உடனே அகற்றுவதில் தயக்கம் கூடாது. அப்போதும் பெரியம்மா வீடோ, பாட்டி வீடோ இருக்க, சிறுவர் இல்லத்தைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

தகப்பன் சிகிச்சை பெற்றுத் திரும்பினால், பிள்ளை நின்ற இடத்தில் அவனை நிறுத்திக் கூலி கொடுப்பது சம்மாட்டியின் கடமை. அவன் தவறி மீண்டும் தூளைத் தொடவும் கூடும். இந்நோயில் அது அபூர்வமன்று. அப்பொழுது ஊரார் வெறுப்புற்று அவ்வீட்டுக்குப் போகும் அரிசியை நிறுத்திவிடலாகாது. அது பிள்ளைகளின் பசிக்காகக் கொடுக்கப்பட்டதேயன்றி, தகப்பனின் நன்னடத்தைக்குச் சன்மானமாகக் கொடுக்கப்பட்டதன்று.