பின்காற்றும் திருவருளும்

மனிதன் செய்து முடிக்கும் ஒரு செயலில் அவனுடைய முயற்சி எவ்வளவு, அவனைத் தாங்கிய அருள் எவ்வளவு என்னும் கேள்வியைத் தமிழகத்துச் சமய மரபுகள் பலவும் தத்தம் வழியில் ஆராய்ந்திருக்கின்றன. அதற்கு விடை தேடுவோர் வழக்கமாக நூலையும் கோயிலையும் நாடுவர்; ஆயினும் சத்தியமங்கலம் வட்டாரத்தில் சைக்கிளை விரும்பி ஓட்டுபவருக்கு அதே கேள்வி அன்றாடம் உடம்பாலேயே சோதித்தறியத்தக்க வடிவில் எதிர்ப்படுகிறது. சைக்கிளுக்கு எஞ்சின் இல்லை. எனவே அதன் ஓட்டம் முழுவதும் ஓட்டுபவரின் கால்களிலிருந்தே பிறக்கிறது என்று தோன்றுகிறது. அந்தத் தோற்றம் எவ்வளவு தூரம் உண்மை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கோவையிலிருந்து அன்னூர், புன்செய் புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் வந்து சேரும் சாலை, மக்கள் வழக்கில் சத்தி ரோடு, பெரும்பாலும் வடகிழக்கு நோக்கிச் செல்வது. தென்மேற்குப் பருவக்காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று கொங்குச் சமவெளியின் மேல் ஓயாமல் வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பியே நிற்கின்றன. ஆடி மாதத்தில் இச்சாலையில் சத்தியை நோக்கிச் செல்பவரை அக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. அவரோ, தம் கால்கள் வலுவேறிவிட்டன என்றும், செயினுக்கு நேற்று விட்ட எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்றும் எண்ணி மகிழ்கிறார். மாலையில் திரும்பும்போது அதே மனிதர் காற்றைத் திட்டிக்கொண்டே மிதிக்கிறார். காலையில் காற்று என ஒன்று இருந்ததே அவர் கணக்கில் ஏறவில்லை. மாலையிலோ அதைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை.

இப்பிழை வெறும் தற்பெருமையால் மட்டும் நேர்வதன்று. காற்றின் இயல்பே அதற்கு இடம் கொடுக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குப் பின்னாலிருந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலும், அவர் முகம் உணர்வது எதிரிலிருந்து வரும் 5 கிலோமீட்டர் காற்றைத்தான். அதாவது, பின்காற்று தள்ளிக்கொண்டிருக்கும்போதும் அவர் எதிர்க்காற்றைக் கிழித்துச் செல்வதாகவே உணர்கிறார். திரும்பும் வழியில் அதே வேகத்தைக் காத்தால் முகத்தில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை, சார்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. சார்பு வேகம் என்பது ஓட்டுபவரை வைத்துப் பார்க்கும்போது காற்றுக்கு உள்ள வேகம். ஆகவே 5-க்கும் 35-க்கும் இடையிலான ஏழு மடங்கு, தடையில் 49 மடங்காகிறது. உதவி இவ்வளவு பெரிதாக இருந்தும், உதவப்பட்டவரின் புலனுக்கு அது உதவியாகத் தெரியாமல், வெல்லப்பட்ட ஒரு சிறு தடையாகவே தெரிகிறது.

இந்த அமைப்பைச் சைவ சித்தாந்தம் வேறொரு தளத்தில் கண்டு பெயரிட்டிருக்கிறது. உயிரைப் பிணிக்கும் மலங்கள், அதாவது அழுக்குகள், ஆணவம், கன்மம், மாயை என மூன்று. அவற்றுள் மூலமானது ஆணவம். அன்றாடப் பேச்சில் அச்சொல் செருக்கைக் குறித்தாலும், சித்தாந்தத்தில் அது உயிரின் அறிவை அநாதியாகவே மறைத்து நிற்கும் இருளைக் குறிக்கும். 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவம், நூறு குறட்பாக்களால் ஆன திருவருட்பயனில், புற இருளையும் இந்த இருளையும் ஒப்பிட்டு ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சுட்டுகிறார்: புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும், ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. பின்காற்றில் செல்பவரின் நிலை இதனோடு ஒப்பது. காற்று அவருக்குத் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

உளவியலாளர்களான ஷாய் டேவிடையும் தாமஸ் கிலோவிச்சும் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, மனிதர்கள் தமக்கு நேர்ந்த தடைகளை எளிதில் நினைவுகூர்கிறார்கள், கிடைத்த துணைகளை எளிதில் மறக்கிறார்கள் என்பதை எதிர்க்காற்று, பின்காற்று என்னும் இதே உவமையால் விளக்கிற்று. சித்தாந்தம் இதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. வருத்துவதுபோல் வந்து நன்மை விளைக்கும் அருளை அது மறக்கருணை என்கிறது. திரும்பும் வழியின் எதிர்க்காற்றை அவ்வகையில் கொள்ள இடமுண்டு. அது வீசியிராவிட்டால், காலையில் தள்ளியது எதுவென்பதை ஓட்டுபவர் ஒருபோதும் அறிந்திருக்க மாட்டார்.

சமவெளியில் இவ்வாறென்றால் மலையில் கணக்கு வேறு வகையில் பிறழ்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஊடே செல்லும் இச்சாலையில், 2022இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. லாரிகளே முனகும் இந்த ஏற்றத்தைச் சைக்கிள் பிரியர் விரும்பித் தேடுவதும், வளைவுகளை எண்ணிக்கொண்டே காலை ஊன்றாமல் ஏறிவிடத் துடிப்பதும், பிறர் பார்வையில் வேடிக்கையான குணங்கள். ஏறும்போது அவர் தம்மையே நம்புகிறார். இறங்கும்போது பெடலை மிதிக்காமல், ஃப்ரீவீலின் கிரிகிரி ஒலியைக் கேட்டபடி, கேட்காமல் கிடைத்த வரமாக அந்த வேகத்தை அனுபவிக்கிறார்.

வைணவ மரபு வகுத்த இரண்டு நெறிகள் இங்கு நினைவுக்கு வரும். தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப்போல உயிரும் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் சார்ந்த மர்க்கட நியாயம். தாயே வாயால் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைப்போல உயிர் வாளா இருந்தால் போதும் என்பது தென்கலையார் சார்ந்த மார்ஜார நியாயம். வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகர், திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது தங்கியதாக மரபு கூறும் சத்தியாகாலம், இந்த மலைக்கு அப்பால் கொள்ளேகால் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தைக் குரங்குக்கும் இறக்கத்தைப் பூனைக்கும் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இயற்பியல் அதற்கு இடம் தருவதில்லை. ஏறியவர் செலவிட்ட ஆற்றலின் ஒரு பகுதி, உயரத்தால் ஒரு பொருள் பெறும் நிலையாற்றலாகச் சேர்ந்திருக்கிறது. இறக்கத்தில் அதுவே வேகமாகத் திரும்புகிறது. ஆகவே வரமென்று அவர் வியக்கும் இறக்கம் அவர் முன்பே உழைத்துச் சேர்த்த கூலி. தம் உழைப்பென்று அவர் பெருமைப்பட்ட ஆடி மாதத்துச் சத்தி ரோட்டு வேகமே உழைக்காமல் வந்த கொடை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் பெருமையும், பெருமைப்படத்தக்க இடத்தில் நன்றியுமாக அவர் கணக்கு இடம் மாறிக் கிடக்கிறது.

அந்தக் கூலியையும் துருவிப் பார்த்தால் அதன் அடியிலும் கொடையே நிற்கிறது. ஏறிய கால்களுக்கு வலுவூட்டிய சோறு, 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையின் நீரில் யாரோ விளைத்த நெல்லாக இருக்கக்கூடும். மிதித்த சாலை வேறு யாரோ மலையை வெட்டி அமைத்தது. காற்று வெப்ப வேறுபாட்டால் வீசுவது, எவர் பொருட்டும் வீசுவதன்று, அதை அருளெனல் ஆகாது என்று மறுக்கலாம். அம்மறுப்பு பொருந்துவதே. காற்று அருள் என்பது இங்கு வாதமன்று. தாங்கப்படுபவர் தாங்குவதை அறியாதிருக்கும் முறை இரண்டிலும் ஒன்று என்பதே வாதம். மலையடிவாரத்தில், பங்குனி விழாவில் பண்ணாரி அம்மனுக்குக் குண்டம் இறங்குபவர், தணலைக் கடந்ததைத் தம் திறமையாகக் கொள்ளாமல் அம்மன் காத்ததாகவே கொண்டு, திருநீற்றுக்கு ஈடாக அங்கு தரப்படும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறார். சைக்கிள் ஏற்றத்தின் வருத்தமும் தவம் போன்றதே எனினும், அதை ஒப்படைக்க முன்னால் ஒருவர் இல்லாததால் பெருமை ஓட்டுபவரிடமே தங்கிவிடுகிறது.

ஆயினும் அவரும் ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான நிலையில் இருந்தவர். உயரமான வாடகை சைக்கிளின் பாருக்குக் கீழே காலை நுழைத்துச் சிறுவர் ஓட்டுவதைக் குரங்குப் பெடல் என்பது தமிழ் வழக்கு. கற்றுக்கொடுக்கும் பெரியவர் கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடி வருவார். சிறிது தூரம் சென்றதும் சொல்லாமலே கையை எடுத்துவிடுவார். பிள்ளையோ அந்தக் கை இன்னும் இருப்பதாக நம்பி விழாமல் செல்லும். கை விலகிய பிறகும் அது இருப்பதாக நம்பிய பிள்ளை, வளர்ந்து, முதுகில் ஒரு பெருங்கை ஊன்றியிருக்கும்போதும் தாம் தனியே செல்வதாக நம்புகிறார். ஓட்டக் கற்றது முதல் நம்பிக்கையால். எதனால் ஓடுகிறது என்று கற்கத் தொடங்குவது, புளியம்பட்டி தாண்டி மாலைக் காற்று முகத்தில் அறையும்போது இரண்டாவது நம்பிக்கை உடைவதால்.