உரிமை அரசு தரும் கொடையா?

மனிதனின் உயிரும் உரிமையும் அரசு அளித்த கொடைகளா? அன்றி, அரசு தோன்றுமுன்பே அவனுக்கு உரியனவா? இவ்வினாவை வெறும் ஏட்டுத் தத்துவமென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் உச்சநீதிமன்றமே ஒருமுறை இதற்கு விடைகூற நேர்ந்தது.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டது. விசாரணையின்றிப் பல்லாயிரவர் சிறையிடப்பட்டனர். உயிருக்கும் தன்னுரிமைக்கும் காவலாக நிற்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதனைக் காட்டி நீதிமன்றத்தை நாடும் வாய்ப்பைக் குடியரசுத் தலைவரின் ஆணை நிறுத்திவைத்தது. ஆயினும், சிறைப்பட்டோரின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றே உயர்நீதிமன்றங்கள் பல கூறின. அரசு மேல்முறையீடு செய்தது.

விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா இந்திய அரசின் தலைமை வழக்கறிஞரிடம் ஒரு வினாத் தொடுத்தார். காவலர் ஒருவர் சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா? இல்லை என்பதே அரசுத் தரப்பின் விடை. 1976 ஏப்ரல் 28இல் ஐந்து நீதிபதிகளுள் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்புரைத்தனர். கன்னா ஒருவரே மறுத்துரைத்தார். 21ஆம் பிரிவே இல்லாதிருப்பினும், சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரின் உயிரைப் பறிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றார். 1977இல் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவரிடம் சென்றது. கன்னா பதவி துறந்தார்.

உயிர் இறைவனின் அமானிதம் என நம்பும் நமக்கு இதன் பொருள் தெளிவு. அரசு அதன் உடைமையாளன் அன்று, காவலன் மட்டுமே. தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு, பொறுப்பேற்ற அன்றே மக்களை வேண்டினார்கள் முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள். ஆள்வோனையும் கட்டுப்படுத்தும் அந்நெறியே அரசியல் சட்டத்தின் உயிர்நாடி. ஆட்சித்துறையையும் சட்டமன்றத்தையும் நீதித்துறையையும் அது தனித்தனியே அமைத்ததும், ஒன்றின் வரம்புமீறலை மற்றொன்று தடுப்பதற்கேயாம்.

நாட்டுக்குப் பேராபத்து நேர்கையில் தனிமனித உரிமை சற்று ஒதுங்கி நிற்கலாகாதா எனச் சிலர் வினவலாம். உரிமைக்கு வரம்பு இருத்தல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரம்பை வகுப்பது வேறு. கேட்பதற்கே இடமின்றிச் செய்வது வேறு.

1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம், நெருக்கடிநிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்திவைக்க இயலாது என்று விதித்தது. 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த வழக்கில், 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென்று உச்சநீதிமன்றமே கூறிற்று. அதற்கு நாற்பத்தோராண்டுகள் ஆயின. சிறையில் வாடியோருக்கு அது காலங்கடந்த நீதியே.

ஒன்றை நாம் மறத்தலாகாது. 1975 ஜூலையில் ஆர்.எஸ்.எஸ். இயக்கமும் ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் இயக்கமும் ஒருங்கே தடைசெய்யப்பட்டன. கொள்கையால் இரு துருவங்களாக நின்றோரை ஒரே ஆணை ஒருசேரச் சிறையில் தள்ளிற்று. நமக்கு உடன்பாடில்லாதவனின் உரிமை பறிபோகும்போது வாய்மூடி நிற்போமாயின், நம் உரிமைக்காகப் பேச நாளை எவரை அழைப்போம்?