தூரத்தை எதனால் அளப்பது?

2018ஆம் ஆண்டு தரம் எட்டில் தூரம், நேரம், கதி பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் ஓடும் புகைவண்டி எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை. ஆதலால் ஊரவர் அறிந்த பயணமொன்றை எடுத்துக்கொண்டேன்: கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா.

பூகோள உருண்டையில் இரண்டு இடங்களையும் தொடுமாறு நூலொன்றை இறுக்கிப் பிடித்தேன். அந்த மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். நேரடி விமானம் 6 மணித்தியாலத்தில் போனால் சராசரிக் கதி மணிக்கு 775 கிலோமீற்றர். சவூதி நேரத்தைவிட நம்முடையது இரண்டரை மணித்தியாலம் முந்தியது. காலை 6 மணிக்குப் புறப்பட்டவர் இறங்கும்போது அங்கே 9.30தான். பிள்ளைகள் வியந்தார்கள்.

பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"அப்ப ஏன் சேர், உம்மும்மா மௌத்தான அன்டைக்கு எங்கட உம்மா வரல்ல?"

அவளுடைய உம்மா ஜித்தாவில் வீட்டுப் பணிப்பெண். சுபஹோடு நேர்ந்த மௌத்து. அஸருக்குப் பின் அடக்கினோம். செய்தி உடனேயே அவருக்கு எட்டியிருந்தது.

"அன்டைக்கு பிளேன் இல்ல மகள்" என்றேன்.

அது பொய். அன்றைக்கு விமானம் கிடைத்திராது என்றே வைத்துக்கொள்வோம். ஏழாம் நாளுக்கும் அவர் வரவில்லை, நாற்பதாம் நாளுக்கும் வரவில்லை. ஒப்பந்தம் இரண்டு வருடம். கடவுச்சீட்டு வீட்டுக்காரரின் அலுமாரியில். நாட்டைவிட்டு வெளியேற அவருடைய சம்மதம் வேண்டும். அதே காலத்தில் உம்றாவுக்குப் போன எங்கள் ஊர் வியாபாரி ஒருவர் இரண்டு வாரத்தில் திரும்பி வந்து பேரீச்சம்பழமும் ஸம்ஸம் நீரும் பங்கிட்டார். இருவரும் கடந்தது ஒரே 4,650 கிலோமீற்றர்தான்.

"விரும்பித்தானே போனார்" என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யச் சம்மதிப்பது வேறு. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமையை இன்னொருவர் கையில் கொடுப்பது வேறு. முன்னதற்குத்தான் கூலி உண்டு. பின்னதை எந்தக் கூலியாலும் வாங்க முடியாது என்றே நினைக்கிறேன்.

2021 மார்ச்சில் சவூதி அரேபியா தன் தொழில் விதிகளை மாற்றியது. தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் எஜமானின் சம்மதமின்றி நாட்டைவிட்டு வெளியேற வழி பிறந்தது. வீட்டுப் பணியாளரை அந்த மாற்றத்தில் சேர்க்கவில்லை. ஆகாயத்தில் இல்லாத தூரத்தைக் காகிதத்தில் மனிதரே உண்டாக்குகிறார்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

குற்றத்தை முழுக்க அங்கே இறக்கிவைத்துவிட்டு நானும் நழுவ முடியாது. என் மாலை வகுப்புப் பிள்ளைகள் பலரின் கட்டணம் அப்படி வந்த றியால்தான். அன்று விமானத்தின் மேல் பழியைப் போட்டதும் அதனால்தானோ என்னவோ.

இப்போதும் அந்தப் பாடம் வரும்போது நூலை எடுக்கிறேன். கரும்பலகையில் தூரம், நேரம், கதி என்று எழுதுகிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுகிறேன்: திரும்பி வர யாரிடம் கேட்க வேண்டும்?