விலங்கிட்ட பக்தி

பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம், மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட அவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றதாகச் சொல்வர். கோப்பியும் பின்னர் தேயிலையும் ஏறிய இம்மலைகளிலிருந்து யானை அறவே அகன்றது. எல்லக் கணவாய்க்குத் தெற்கே, வெல்லவாயவைக் கடந்த தாழ்நிலக் காடுகளில் அது இன்றும் சுயேச்சையாகத் திரிகிறது. மலைவாசிகள் அதைக் காண்பது பெரும்பாலும் விகாரைப் பெரஹரா ஊர்வலத்திலே, பட்டாடை போர்த்திய கோலத்திலே, காலில் சங்கிலியோடு.

கொலையைப் பாவமென்று ஒப்புகின்ற நாம், பக்தியின் பெயரால் விதிக்கப்படும் ஆயுட்சிறையைப் புண்ணியமென்று கொள்ளலாமோ? யானை வளர்ப்போர் சொல்லும் நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2023இல் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட காட்டு யானைகள் துப்பாக்கியாலும் மின்வேலியாலும் ரயிலாலும் பிறவாறும் மடிந்தன. அந்த ஆபத்துகளெல்லாம் விகாரை முற்றத்தில் இல்லை, வேளை தவறாத உணவும் உண்டு என்கிறார்கள். ஆயினும் வயிறு நிறைவதும் கூரை நிழலும் சுதந்திரத்துக்கு ஈடாகா என்பதை, 1921இல் துண்டு முறை என்னும் கடன்சீட்டு ஏற்பாடு ஒழியும்வரை கடன் தீராமல் ஒரு தோட்டம் விட்டு மறு தோட்டம் போக முடியாதிருந்த தொழிலாளர் பரம்பரைக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

அந்தப் பாதுகாப்பும் எத்தகையது? 2001இல் தாய்லாந்து அன்பளிப்பாக அனுப்பிய முத்துராஜா என்னும் யானை, ஒரு விகாரையில் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தபின், மடக்க இயலாது விறைத்த முன்னங்காலோடும் உடலில் சீழ்க்கட்டிகளோடும், 2023 ஜூலை 2ஆம் திகதி விமானத்தில் தாய்நாட்டுக்கே திரும்பியது. மதப்பருவத்தில் ஆண்யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள சுரப்பியிலிருந்து கரிய நீர் கன்னத்தில் வழிய, இயற்கை அதனை நெடுந்தூரம் நடக்கத் தூண்டுகின்ற வேளையில், நாமோ அதனை வாரக்கணக்கில் மரத்தோடு பிணிக்கிறோம். அதனால் மூளும் கோபத்துக்கு முதற் பலியாகிறவன் பெரும்பாலும் உரிமையாளனல்லன். கூலிக்கு நிற்கும் பாகன். ஒரு பிராணியின் துன்பத்தோடு ஓர் ஏழையின் உயிரையும் பணயம் வைக்கும் வழக்கத்தைத் தர்மமென்று அழைக்க மனம் ஒப்பவில்லை. 2021இல் வெளியான வளர்ப்பு யானை விதிகள், நாள்தோறும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்டல் வேண்டும், கன்றைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது என்று கட்டளையிட்டன. இவற்றையும் சட்டம் போட்டே சொல்லவேண்டியிருந்தது.

ஊவா மாகாணத்தின் எல்லையிலேயே வேறொரு வழி கண்முன் இருக்கிறது. 1995 முதல் உடவளவையில் இயங்கும் யானைக் கன்றுகளின் இடைத்தங்கல் நிலையத்தில், தாயை இழந்த கன்றுகள் மூன்று மணித்தியாலத்துக்கொருமுறை புனலும் குழாயும் வழியாகப் பால் குடிக்கின்றன. பார்வையாளர் எட்ட நின்று பார்க்கலாமேயன்றித் தொட இயலாது. மனிதப் பழக்கம் ஒட்டிக்கொள்ளாதிருக்கவே இத்தனை கட்டுப்பாடும். இவ்வாறு வளர்ந்து காட்டுக்குத் திரும்பியவை நூற்றுக்கும் மேல். இரக்கத்துக்குச் சங்கிலி அவசியமில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பழகிவிட்ட முதிய யானைகளைக் காட்டில் விடுவது இயலாத காரியம். அவற்றை அந்திமக்காலம்வரை பெருஞ்சுமை சுமத்தாது பேணுவதே நீதி. ஆனால் விகாரையாயினும் கோவிலாயினும் இனிப் புதிதாக ஒரு கன்றைக் கேட்க வேண்டாம். கேட்டாலும் அரசாங்கம் கொடுக்க வேண்டாம்.