கொல்லாமையும் அரவச்சமும்

உயிர்கள்மாட்டு இரங்குதல் சைவ ஒழுக்கத்தின் அடிப்படையென்பது நம்மனோர் அனைவர்க்கும் உடன்பாடு. திருவள்ளுவர் கொல்லாமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தமையை நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம். கற்பிக்குமிடத்து ஒரு வினா எழாமற் போவதில்லை. "ஐயா, பாம்பு வந்தாலும் அடிக்கக் கூடாதோ?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு சிறுவன் கேட்பான். வகுப்பு நகைக்கும். ஆசிரியர், "துட்டப் பிராணிகளுக்கு அவ்விதி இல்லை" என்றாதல், "கடவுள் காப்பார்" என்றாதல் கூறி அப்பாற் செல்வர். அவ்விரண்டும் விடையாகா என்பதும், அச்சிறுவனது வினா நகைத்தற்குரியதன்று என்பதுமே இங்கு யாம் கூறப் புகுந்தவை.

மன்னார்ப் பகுதியில் வாழ்வார்க்கு இது வெறும் நூல்வினாவன்று. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களிலே, மாலைப்பொழுதில் வரம்பின்மீது நடப்பவன் காலடியிற் புடையன் கிடத்தல் கூடும். தீவின் மணற்றரையிலும் முட்பற்றையிலும் சிறிய சுருட்டை மணலின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும். நள்ளிரவில் எட்டடி விரியன் வீட்டினுட் புகுந்து, பாயிற் படுத்துறங்குவாரைத் தீண்டும். அக்கடி பெரும்பாலும் நோவதில்லை. உறங்குவோன் அறியாமலும் இருந்துவிடலாம். கடலிலோவெனின், வலையிற் சிக்கிய கடற்பாம்பை மீனோடு மீனாகக் கையாற் பற்றுங்கால் மீனவர் கடியுண்பர். அப்பாம்புகளுள் ஒன்றற்கு நம்மவர் இட்ட வலக்கடியன் என்னும் பெயரையே ஐரோப்பிய நூலாரும் பண்டு தம் நூற்பெயராக எழுதிவைத்தனர். 2016 ஆம் ஆண்டு வெளிவந்த நாடுதழுவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் 80,000 பேருக்குமேல் பாம்புக்கடி நேர்ந்ததாகவும், அவர்களுள் ஏறக்குறைய 30,000 பேருக்கு நஞ்சேறியதாகவும், 400 பேருக்குமேல் இறந்ததாகவும் கணித்தது.

இனி, முதல் விடையை ஆராய்வாம். துட்டத்தனமென்பது தீயகருத்துடைமை. பாம்பு மனிதனை உண்பதற்காகவும் கடிப்பதில்லை, பகைகொண்டும் கடிப்பதில்லை. மிதிபட்டபோதும், நெருக்குண்டபோதும், தன்னைக் காத்தற்பொருட்டே கடிக்கின்றது. கருத்தில்லாத இடத்திற் குற்றம் யாங்ஙனம் உளதாகும்? அன்றியும், துட்டப் பிராணியென்று பேசும் நம்மவர் செய்கையைப் பாருங்கள். கொடிய நஞ்சுடைய நாகத்தைச் சிவபெருமான் அணிந்த அணியென்று வணங்கி விடுகின்றனர். நஞ்சென்பதே இல்லாத சாரையைத் துரத்தித் துரத்தி அடிக்கின்றனர். எட்டடி விரியனைப் போலக் கோடுகள் தாங்கியதொன்றே குற்றமாக, நஞ்சிலாப் பாம்புகள் மாள்கின்றன. ஆகவே இக்கொலை குற்றத்துக்கு இட்ட தண்டமன்று. அறியாமைக்கு இட்ட பலியே. வயலெலிகளை உண்டு நெல்லைக் காப்பனவும் இவைதாமே. அடிக்கச் சென்றவனே கடியுண்டு வீழ்தலும் உண்டு.

இன்னொன்றும் கருதற்பாலது. நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை என்னும் நான்கன் நஞ்சுக்கும் இலங்கை வைத்தியசாலைகளில் ஏற்றப்பட்டு வந்த மருந்து இந்திய நாட்டிற் செய்யப்பெற்றது. நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அம்மருந்தைச் செய்வர். அதற்கு வேண்டும் நஞ்சைப் பெரிதும் உதவியோர், தமிழ்நாட்டில் 1978 இல் தொடங்கப்பெற்ற கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர் மக்கள். அவர்கள் பாம்பை உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். மன்னாரிலே ஒரு குழந்தை பிழைப்பது எங்கோ ஒரு பாம்பு கொல்லப்படாமல் விடப்பட்டதனால் என்றால், கொல்லாமை பயனற்ற அறமென்று யார் சொல்வார்?

அற்றேல், குழந்தை உறங்கும் அறையினுள்ளே விரியன் புகுந்து, விலக்க வேறு வழியின்றி அடித்த தந்தையை என்னென்பது? அவனைப் பாவியென்று தூற்ற யாம் ஒருப்படோம். அச்செயலை அறமென்று புகழவும் ஒருப்படோம். அது நேர்ந்துவிட்ட ஒரு துயர். ஆனால் அத்துயருக்குமுன் வேறொரு வினா உண்டு: அப்பாம்பு அவ்வறைக்கு ஏன் வந்தது? வேலியோரத்திற் காவோலை குவிந்து கிடந்தது, அதில் எலி குடியேறிற்று, எலியைத் தேடிப் பாம்பு வந்தது, பாய் வெறுந்தரையிற் கிடந்தது, வெளிச்சமும் இல்லை. முதனாளே காவோலையை அகற்றி, வாயிற்கீழ் இடைவெளியை அடைத்து, கட்டிலிட்டு நுளம்புவலையின் ஓரத்தைப் பாயின்கீழ்ச் செருகியிருந்தால், பாம்பும் பிழைத்திருக்கும். தந்தைக்கும் அவ்விக்கட்டு நேர்ந்திராது. கொல்லாமை பாம்பு எதிர்ப்பட்டபின் தொடங்கும் விரதமன்று. அது முதனாளே துடைப்பமும் விளக்கும் ஏந்தித் தொடங்கும் தொழில்.

இரண்டாம் விடையாகிய "கடவுள் காப்பார்" என்பதை எடுத்துக்கொள்வாம். திருவருளை நம்புதலை யாம் மறுத்தோமல்லோம். ஆனால் கடியுண்டவனை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாமல் மந்திரத்துக்கென்று வைத்திருத்தல் நம்பிக்கையன்று. மேற்சொன்ன கணக்கை நினைவுகூர்க. கடியுண்டாரிற் பாதிக்கு மேற்பட்டார்க்கு நஞ்சேறவேயில்லை. அவர்கள் எவரிடஞ் சென்றாலும் பிழைப்பர். பிழைத்தபின் மந்திரித்தவருக்குப் புகழ் உண்டாம். அப்புகழை நம்பி, நஞ்சேறியவனும் அவ்வாயிலிற் காத்திருந்து மாள்வன். தன் பிள்ளையை அங்ஙனம் வைத்திருப்பவன், கையிற் கோலெடாவிடினும் கொல்லாமை காத்தவன் ஆகான்.

இங்கே எம்முடைய குற்றமொன்றையும் மறையாது கூறல் வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், இக்கரையோரத்துப் பாடசாலையொன்றில் யாம் கற்பித்த காலத்து, வளவுக்கு அப்பாலுள்ள பற்றைக்குள் செல்பவர்க்கு அடி விழுமென்று கட்டளையிட்டிருந்தோம். ஒரு சிறுவன் பந்தெடுக்கச் சென்று காலிற் கடியுண்டான். எமது பிரம்புக்கு அஞ்சி ஒருவருக்கும் சொல்லாமல் வகுப்பில் இருந்தான். நொண்டிக்கொண்டே வீடு சென்றான். பொழுது சாயும்போதே அவன் தாய், கால் வீங்கிப் பல்லீறில் இரத்தங் கசிவதைக் கண்டு அலறினாள். பல நாள் வைத்தியசாலையிற் கிடந்து தெய்வாதீனமாகப் பிழைத்தான். பாம்பு அவனைத் தீண்டியது ஒரு கணம். எம்மிடங் கொண்ட அச்சமோ பலமணி நேரம் அவன் வாயைக் கட்டிற்று. இரண்டில் எது கொடிதென்று இன்றும் யாம் எம்மையே வினவிக்கொள்கின்றோம்.

பெரியபுராணத்து அப்பூதியடிகள் வரலாற்றை நாம் கற்பிக்கும்போது இதனை நினைத்தல் வேண்டும். திருநாவுக்கரசு நாயனார்க்கு அமுதுபடைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற மைந்தன், அரவு தீண்டியும், அமுது தாமதிக்குமேயென்று ஒன்றும் சொல்லாது ஓடிவந்து, குருத்தைத் தாயிடம் கொடுத்து வீழ்ந்தான். பெற்றோரும் அடியார் உண்ணத் தடைபடுமென்று உடலை மறைத்து வைத்தனர். இதனைக் கேட்கும் சிறுவன், கடியை மறைத்தலே உயர்வென்று கொள்ளுதல் கூடும். அங்கு உயர்வு அன்பின்பாலது, மறைத்தலின்பாலதன்று. வரலாறு முடியுமாற்றை உற்றுநோக்குக. உண்மை வெளிப்பட்ட பின்னர் நாயனார் அமுதுண்ண அமர்ந்திருந்தாரோ? இல்லை. உணவை விட்டெழுந்து, பிள்ளையின் உயிரை முன்னிட்டு இறைவனைப் பாடி எழுப்பிய பின்னரே அமுதுசெய்தருளினார். பிள்ளையின் உயிரை இழந்து வரும் உபசாரத்தை அவ்வடியார் விரும்பவில்லை. அவர் வழியைப் போற்றும் ஆசிரியர், பிள்ளையின் உயிரினும் தம் கட்டளையைப் பெரிதாகக் கருதலாமோ?

ஆதலின், ஆசிரிய அன்பர்களே, நாம் மாணவர்க்குச் சொல்ல வேண்டுவன இவை. இருளில் விளக்கின்றி நடவாதே. புற்றிலும் பொந்திலும் கைவிடாதே. பாம்பைக் கண்டால் விலகி நின்று பெரியோரை அழை. கடித்ததென்று ஐயுற்றால், வலியில்லாவிடினும், எங்குச் சென்றிருந்தாலும், அப்பொழுதே சொல். சொன்னதற்காக ஒருவரும் உன்னை அடியார். நமக்குரியன இவை. கடிவாயைக் கீறாமலும், உறிஞ்சாமலும், இறுகக் கட்டாமலும், மோதிரம் காப்பு முதலியன கழற்றி, அவயவத்தை அசையாது மட்டைவைத்துத் தாங்கி, பிள்ளையை நடக்கவிடாது தூக்கி வைத்தியசாலைக்கு விரைதல். பாம்பைத் தேடிப் பொழுது போக்காமை. கடற்பாம்பின் நஞ்சுக்கு மேற்சொன்ன மருந்து உதவாதாயினும், மூச்சையும் சிறுநீரகத்தையும் காக்கும் சிகிச்சை அங்கேதான் உண்டு.

பின்வாங்கிலிருந்து அச்சிறுவன் மீண்டும் கேட்பான், ஆண்டுதோறும் கேட்பான். அப்போது நகையாது அவனை முன்னழைத்து, "அடிக்க வேண்டிய நிலை வாராமல் இருக்க நாம் இன்று என்ன செய்யலாம்?" என்று திருப்பி வினவுக. பின்பு வகுப்போடு எழுந்துசென்று, பாடசாலை வேலியோரத்துக் காவோலையை நீண்ட தடியால் தட்டி அகற்றத் தொடங்குக. கொல்லாமை அதிகாரத்துக்கு அதனினும் சிறந்த உரை யாம் அறியோம்.