சீட்டுக்காக ஆடலாமா?

மயிலம் முருகன் கோயிலோடு பிணைந்த பொம்மபுர ஆதீனத்துக்குப் பெயர் தந்த ஊர், புதுச்சேரிக்கு வடக்கே கடலோரம் இருக்கும் பொம்மையார்பாளையம். அந்த ஆதீனம் வீரசைவ மரபைச் சேர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டின் கல்யாண நகரில் அந்த மரபு ‘காயகம்’ என்றொரு கருத்தை வலியுறுத்தியது: எந்தத் தொழிலானாலும் நேர்மையாகச் செய்தால் அதுவே வழிபாடு. கூலி வாங்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. தன் உழைப்புக்கு மிஞ்சியதைத் தொடக் கூடாது என்றது. சிந்திய அரிசியைப் பொறுக்கி வாழ்ந்த மாரய்யா ஒருநாள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தபோது, மிச்சத்தைத் திரும்பப் போட்டுவிட்டு வரும்படி அவர் மனைவி லக்கம்மா அனுப்பிவைத்த கதை அந்த மரபில் புகழ்பெற்றது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குக் கால்பந்தைக் காட்டிக் கல்லூரியில் இடம் வாங்கித்தரப் பாடுபடுகிறவர்களுக்கும் அந்தக் கைப்பிடி அரிசிதான் அளவுகோல் என்பது என் கட்சி.

முதல் மறுப்பு பக்தியின் பக்கத்திலிருந்தே வரும். நம் சமயத்தில் விளையாட்டு என்பது பயன் நாடாத செயல். படைத்தல், காத்தல், அழித்தலையே இறைவனின் விளையாட்டு என்கிறோம். அப்படிப்பட்டதைச் சீட்டுக்கு ஏணியாக்கினால் அதன் தூய்மை போய்விடாதா? கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவ இடத்துக்காக உயிரியலை உருப்போடுகிற பிள்ளையிடம் அறிவின் தூய்மை கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. (ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாத வீடுகளில்தான் இந்தத் தூய்மைவாதம் செழிக்கிறது.) தெற்கே கடலூரிலிருந்து வந்த கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர்; இந்திய அணிக்கும் ஆடினார். 2018-இல் மணிப்பூரை 2-1 என வென்று தமிழகப் பெண்கள் முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆன அணியிலும் அவர் இருந்தார். பிழைப்பைத் தந்ததால் அவருடைய ஆட்டம் குறைந்துபோகவில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: திறமை இருந்தால் தானே மேலே வரும், கைதூக்கிவிடுவது எதற்கு? தானே வராது என்பதற்குப் பொம்மையார்பாளையத்தின் மணலே சாட்சி. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டியதும் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் பையன்கள் பந்து உதைக்கவும் இருந்த இடத்தில் இன்று பல பகுதிகளில் கருங்கல் குவியல்தான். அந்தப் பையன் எந்தத் தேர்வில் தோற்று மைதானத்தை இழந்தான்? அதற்குமேல் சான்றிதழ் என்ற காகிதம் வேறு இருக்கிறது. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. சென்னை ஐஐடி 2024-25 முதல் ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் 2 கூடுதல் இடங்களை விளையாட்டுக்கு ஒதுக்கி, அதில் ஒன்றைப் பெண்களுக்கென்றே வைத்திருக்கிறது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயரும் தேசிய அல்லது சர்வதேசப் பதக்கமும் இருந்தால்தான் அங்கே நுழைய முடியும். இந்த இடங்களுக்கெல்லாம் காலால் ஆடியது கையெழுத்தும் முத்திரையுமாக வந்து சேர வேண்டும். வீடு விழுப்புரம் மாவட்டத்திலும் பள்ளி புதுச்சேரியிலும் என்றால் எந்தச் சங்கத்தின் அணிக்கு ஆடுவது என்பதையே முன்கூட்டி யோசிக்க வேண்டும். விடியுமுன் கடலுக்குப் போகிற அப்பனுக்கு இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சொல்வதைத் தயவு என்று நான் ஒப்பமாட்டேன். பட்டணத்துப் பிள்ளைக்குக் கேட்காமலே கிடைப்பது இவனுக்கும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எல்லை எங்கே என்பதற்கு அமெரிக்காவில் 2019-இல் வெளியான மோசடியைப் பார்க்கலாம். ஒரு குடும்பம் இடைத்தரகருக்கு 12 லட்சம் டாலர் கொடுத்தது. யேல் பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளருக்கு அதில் 4 லட்சம் போனது. அந்தப் பெண்ணைப் பெரிய கிளப் அணி ஒன்றின் இணைத் தலைவியாகக் காகிதத்தில் ஜோடித்து இடம் வாங்கினார்கள். அந்தத் துணிச்சல் நமக்கும் புதிதல்ல, தொகைதான் சின்னது. இளையோர் போட்டிகளில் வயதைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பதால்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது. பிறப்புச் சான்றிதழ் சொல்லாததை எலும்பு சொல்லிவிடும். ஆடியதை எடுத்துக்காட்டுவது மாரய்யாவின் நாள் அரிசி. ஆடாததைச் சேர்ப்பது, லக்கம்மா திருப்பி அனுப்பிய மிச்சம்.

உன் பிள்ளை நுழைந்தால் இன்னொரு பிள்ளைக்கு இடம் போகிறதே என்பார்கள். போகத்தான் செய்கிறது, இருக்கும் இடம் கொஞ்சம். அதனால்தான் வழி தெரிந்தவர் தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதைக் காயகம் என்று சொல்ல முடியாது. உழைப்பின் பலனை ஊருக்குப் படைப்பதற்கு அதே மரபு ‘தாசோகம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. உங்கள் தெருவில் ஆடத் தெரிந்த பிள்ளை இருந்தால், ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் அந்த வருடமே சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.